எட்டு அச்சடித்த ரசீது

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். அதுவும் நான் செய்த தவறுக்காக. போர்த்தியவர்களுக்கு அது தவறு என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்தைக் குனித்துக் கொடுத்தேன். அப்படிப்பட்ட ஆள்தான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குன்னூருக்குக் கொஞ்சம் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு எழுத்தர் வேலை. அந்தத் தொழிற்சாலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பறித்துக் கொண்டுவரும் பச்சை இலைதான் எங்களுக்குச் சரக்கு. மாலை மூன்று மணிக்கு மேல் வாசலில் சாக்குகளோடு வரிசை நிற்கும். தராசில் சாக்கு ஏறும், நான் எடையைத் தட்டுவேன், ரசீது வரும், சாக்கு உள்ளே போகும். ரசீது வராமல் சாக்கு உள்ளே போகாது. அங்கேதான் சிக்கல்.

எங்கள் அச்சு இயந்திரம் ஊசியால் குத்திக் குத்தி அடிக்கும் பழைய ரகம். கார்பன் வைத்து மூன்று பிரதி வேண்டும் என்பதால் அதை மாற்றவும் வழியில்லை. எண்களைக் கடகடவென்று அடித்துவிடும். தமிழ் என்றால் மட்டும் அதற்கு எழுத்தாகத் தெரியாது, படமாகத்தான் தெரியும். வரிக்கு வரி போய்த் திரும்பி வந்து கோலம் போட்டுக்கொண்டிருக்கும். தொழிற்சாலையின் பெயர், முகவரி, 'தரமான கொழுந்தே நம் பெருமை' என்று ஒரு வாசகம், கட்டங்கள், கட்டத்துக்குத் தலைப்புகள், எல்லாவற்றையும் ஒவ்வொரு ரசீதுக்கும் புதிதாக வரையும். ஒரு ரசீதுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். வரிசையில் நூறு பேர். சாக்குக்குள் அமுங்கிக் கிடக்கும் பச்சை இலை சும்மா இருக்காது, சூடேறும். சூடேறினால் சிவந்து கெட்டுப்போகும். கடைசியில் நிற்பவர்கள் அடிக்கடி சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவார்கள். இயந்திரத்தைத் திட்டினால் அதற்குக் காது கேட்காதே.

நான் சமவெளியிலிருந்து வந்தவன். கோவையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். அந்த ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு நான் அடித்த அலட்டல் ஆறு வருடத்துக்குப் போதும். ஒரு நாள் மேலாளரிடம் போய், "கட்டம், பேரு, தலைப்பு எல்லாம் முன்னாடியே அச்சகத்துல அடிச்சு வெச்சுக்கலாம் சார். மாறாதது காகிதத்துல இருக்கும். மாறுறதை மட்டும் மிஷின் அடிக்கட்டும்," என்றேன். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். அவர் கையில் அந்த நேரம் இருந்த வங்கிச் செலானே அப்படி அச்சடித்ததுதான். அவரும் அதைக் கவனிக்கவில்லை.

"மாறாதது எது, மாறுறது எதுன்னு நீயே பாத்து முடிவு பண்ணிக்க," என்றார்.

அது ஜூலை மாதம். அந்த மாதத்து அலுவலகப் பிரதிகளை மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். எண், பெயர், தேதி, நேரம், எடை இவையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறின. இவற்றுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பிறகு ஈரக் கழிவு என்ற கட்டத்துக்கு வந்தேன். மழையில் நனைந்த இலை தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு தராசில் ஏறும். அந்தத் தண்ணீருக்காக நூற்றுக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார்கள். எவ்வளவு என்று சொல்வது எங்கள் நிறுவைக்காரரின் கை. சின்ன வயதில் இலங்கையிலிருந்து தாய் தகப்பனோடு திரும்பி வந்தவர் அவர். பிறந்ததிலிருந்து கொழுந்தோடு கிடந்தவர். சாக்குக்குள் முழங்கை வரை கையை விடுவார், அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார், இறுக்கிப் பிழிவார், உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். பிறகு "அஞ்சு" என்றோ "எட்டு" என்றோ ஒரு குரல் கொடுப்பார். நான் தட்டுவேன். அவர் சொன்னதை எதிர்த்து யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஜூலை ரசீதுகளில் எட்டு, எட்டு, எட்டு என்றே வந்தது. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சைபர்கள். குன்னூரில், ஜூலையில், நனையாத இலையா? எழுத்தர் எவனோ கவனமில்லாமல் தட்டியிருக்கிறான் என்று அந்த ரசீதுகளை ஓரமாக ஒதுக்கினேன். அந்த எழுத்தர் நான்தான் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கையால் நானே தட்டிய சைபர்களை, யாரோ ஒரு மடையனின் பிழை என்று நானே தள்ளுபடி செய்தேன். மடையன் என்ற வார்த்தை மட்டும் சரியாக விழுந்திருந்தது.

ஆக, ஈரக் கழிவு மாறாதது. எட்டைக் காகிதத்திலேயே அச்சடித்துவிடலாம். கம்ப்யூட்டரிலும் எட்டைக் கழிக்கும்படி ஒரு சூத்திரம் போட்டுவிட்டால், பிழிந்து பார்க்கும் நேரம், குரல் கொடுக்கும் நேரம், தட்டும் நேரம் மூன்றும் மிச்சம். எனக்கே என்னை நினைத்துப் புல்லரித்தது.

பஜாரில் இருந்த அச்சகக்காரர் மாதிரியைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஏனுங்க, இந்த எட்டு மாறாதுங்களா?" என்று கேட்டார்.

"மாறாதுங்க."

"எதுக்கும் ரெண்டாயிரம் மட்டும் அடிச்சுப் பாக்கலாமுங்களா?"

"முப்பதாயிரம் அடிங்க. மொத்தமா அடிச்சாத்தான் கட்டுபடியாகும்," என்றேன். தேயிலை பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மனிதர் இரண்டு கேள்வியில் பிடித்ததை, தினமும் தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நான் பிடிக்கவில்லை.

ஆகஸ்டில் படிவங்கள் வந்தன. முதல் மூன்று நாள் மானம் போயிற்று. மழைக்காற்றில் காகிதம் ஊதிப்போய், எண்கள் கட்டம் மாறி விழுந்தன. எடை நேரத்துக்கான இடத்தில் விழுந்ததால் ஒருவர் மணி நாற்பத்தேழரைக்கு இலை கொடுத்ததாக ரசீது வாங்கிப் போனார். இந்த ஊரில் துணிக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்கள். அதே மாதிரி படிவக் கட்டுகளை வைத்த அலமாரிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். காகிதம் அடங்கியது. எண்கள் கட்டத்துக்குள் உட்கார்ந்தன. ரசீது நான்கே வினாடியில் கிர்ரென்று வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மேலாளர் அதைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

அன்று மாலையே அக்கா வந்தார்.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரம்மாவை. அவருடைய வீட்டின் பின்கட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். கணவர் மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறார், மாதத்தில் இரண்டு முறை வந்துபோவார். வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு ஏக்கர் தேயிலை. அதை அக்காதான் பார்த்துக்கொண்டார். வரிசையில் நிற்கும்போது என்னைத் தெரிந்தவர் போலவே காட்டிக்கொள்ள மாட்டார். தெரிந்தவர் என்று சலுகை எதிர்பார்க்கிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

அவருடைய சாக்கு தராசில் ஏறியது. ஐம்பது கிலோ. நிறுவைக்காரர் பழக்க தோஷத்தில் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். விரித்தார். "சைபர்," என்று குரல் கொடுத்தார்.

"இனிமே நீங்க சொல்ல வேண்டாம்ண்ணே. எல்லாம் அதுவே போட்டுக்கும்," என்றேன்.

அவர் தன் உள்ளங்கையை இன்னொரு முறை பார்த்தார். "இல்லீங்க ஐயா, இது காஞ்ச கொழுந்து," என்றார். அதற்குள் ரசீது வந்துவிட்டது. நான்கே வினாடிதானே.

அக்கா ரசீதை வாங்கிப் படித்தார். மற்றவர்கள் எடையை மட்டும் பார்ப்பார்கள். அவர் முழுவதையும் படிப்பார். மடித்துக்கொண்டு போனார்.

இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார். "ஏனுங்க தம்பி, இதுல எட்டுன்னு போட்டிருக்குதுங்களே. நாலு கிலோ கழிஞ்சிருக்குது," என்றார்.

நான் அவருக்கு விளக்கினேன். மாறுவது, மாறாதது, ஊசி, படம், வினாடி எல்லாவற்றையும் விளக்கினேன். அரிசி கழுவிய தண்ணீர் கையிலிருந்து சொட்டச் சொட்ட விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க தம்பி. மழை பேஞ்சா இலை நனையும், அதும் சரி. என்ற இலை ஊட்டுக்குள்ள காத்தாடிக்கு அடியில கெடந்துச்சுங்க. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். முன் அறையில் கட்டிலைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். சிமெண்டுத் தரை முழுக்கப் பழைய போர்வைகள். மேலே இரண்டு மின்விசிறிகள். குன்னூரில் மின்விசிறி வாங்குகிறவரை நான் பார்த்ததே இல்லை. அக்கா இரண்டு மாட்டியிருந்தார். காலையில் பறித்ததை மத்தியானம் போர்வை மேல் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மணி நேரம் காற்றுவிட்டு, நீர் போன பிறகுதான் சாக்கில் கட்டுவாராம். இலையை உதறி உதறிப் பரப்ப வேண்டும், இடுப்பு விட்டுப்போகும் என்றார்.

நான் அந்த வீட்டில் மூன்று வருடமாக இருந்தேன். கொடியில் பச்சைக் கறை படிந்த போர்வைகள் தொங்குவதைத் தினமும் பார்த்தேன். மின்விசிறி எதற்கு என்று ஒரு முறை யோசித்து, துணி காயவைக்க என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். மின்கட்டணத்தைப் பங்கு போடும்போது அந்த விசிறிகளைப் பற்றி முணுமுணுத்திருக்கிறேன்கூட. ஜூலை ரசீதுகளில் இருந்த சைபர்கள் எல்லாம் அக்காவுடையவை. பெயரைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்த்த என் மூளைக்கு அது எட்டவில்லை.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"தண்ணிய வித்தா பொழைக்கறது?" என்றார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க தம்பி. காஞ்ச இலை கொண்டாந்தா காஞ்சதுன்னு எழுதோணும். அவ்வளவுதானுங்க."

மறுநாள் மேலாளரிடம் போனேன். வீரமாகத்தான் போனேன். "சார், எட்டுங்கிறது எல்லாருக்கும் பொருந்தாது," என்றேன்.

"எத்தனை படிவம் அடிச்சே?"

"முப்பதாயிரம்."

"எவ்வளவு தீர்ந்திருக்கு?"

"நானூறு."

"மிச்சத்தை என்ன, போண்டா மடிக்கறதா? ஸ்டாக் தீரட்டும், பாத்துக்கலாம். ஒருத்தருக்கு மாத்துனா எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் மறுபடி பிழிஞ்சு பாக்கோணும், மறுபடி நேரமாகும். நேரத்தை மிச்சம் பண்ணோணும்னு சொன்னது நீயா, நானா?"

நான்தான். என் வாதத்தையே எடுத்து என்னை அடித்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் யாரிடம் போய் அழுவது?

ஒரு திருட்டு வழி கண்டுபிடித்தேன். அக்காவின் ரசீதில் மட்டும் அச்சடித்த எட்டைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சைபர் எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "மேல சைபர்னு இருக்குது, கீழ நிகர எடையில நாலு கிலோ கொறைஞ்சே இருக்குதுங்களே தம்பி. எனக்குச் சமாதானம் சொல்றதுக்காக எழுதுனீங்களா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். கம்ப்யூட்டரில் இருந்த சூத்திரத்தை மாற்ற எனக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்கு வேண்டிய தைரியம் எனக்குப் பல மாதமாக வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தராசுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். முதலாளி கோவையிலிருந்து வந்திருந்தார். மாலை ஐந்து மணிக்கே வாசல் காலியாகிவிடுகிறது, இலை சிவப்பதில்லை, எல்லாம் இந்தத் தம்பியின் யோசனை என்று மேலாளர் சொன்னார். சால்வை வந்தது. பொரியும் சுண்டலும் வாங்க வந்திருந்த கூட்டத்தில் அக்காவும் நின்றார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேச வேண்டியது எனக்குத் தெரியும். "எல்லாருக்கும் நன்றி," என்றேன். சரியாக இரண்டு வார்த்தை. நிறுவைக்காரர் மட்டும் கை தட்டவில்லை. அவர் கைக்கு நான்தான் வேலை இல்லாமல் செய்துவிட்டேனே.

நவம்பர் மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் விடுப்பில் வீட்டில் கிடந்தேன். மத்தியானம் சுவருக்கு அந்தப்பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அக்கா கஞ்சி கொண்டுவந்தபோது கேட்டேன்.

"ரெண்டையும் அவரு மசினகுடிக்கு எடுத்துட்டுப் போயிட்டாருங்க தம்பி. அங்க வெக்கையாம்."

"அப்ப இலை?"

"அப்படியே கட்டிக் கொண்டாந்தர்றது. தண்ணிக்குன்னு எட்டு எடுத்துக்கறாங்க. தண்ணியக் குடுத்துட்டாப் போவுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "இடுப்பு வலியும் இல்லைங்க இப்ப."

ஒரு வாய் கஞ்சி குடித்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து, "உப்புப் போதும்க்கா," என்றேன்.

அக்கா கண்டுபிடித்ததை ஊரும் கண்டுபிடித்தது. ஜனவரியில் உறைபனி விழுந்து, பகலெல்லாம் வெயில். இலை மொடமொடவென்று இருக்க வேண்டிய மாதம். படிவத்தில் ஜனவரிக்கும் எட்டுதான். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு முணுமுணுப்பு நின்றது. சாக்குகள் சொட்ட ஆரம்பித்தன. வெயிலில் வந்த சாக்குகளின் அடியில் தண்ணீர்! ஏற்கெனவே கழித்தாகிவிட்டது, ஈடுகட்டி ஊற்றிக்கொள்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. சிலர் எட்டோடு நிறுத்தவில்லை. என் அலுவலகத் தரையைத் துடைக்க ஒரு ஆள் போட வேண்டியிருந்தது. நான் குன்னூரில் எல்லா இலையும் ஈரம் என்று எழுதினேன், ஆறே மாதத்தில் அது உண்மையாகிவிட்டது. எனக்கு ஜோசியம் நன்றாக வந்திருக்கும்.

உள்ளே இலையை வாட்டும் இடத்தில் மூன்று மணி நேர வேலை ஆறு மணி நேரமாயிற்று. தூள் கறுத்துப் புளித்தது. ஏலத்தில் எங்கள் தூளை மோந்து பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். முதலாளியிடமிருந்து தொலைபேசி வந்தது. "இந்த ஊர்க்காரங்களுக்கு நேர்மையே கெடையாதப்பா," என்று மேலாளர் என்னிடம் ஆதங்கப்பட்டார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

மிச்சமிருந்த படிவங்களைப் பழைய காகிதக் கடைக்குப் போடச் சொல்லி மே மாதம் உத்தரவு வந்தது. என் தைரியத்தால் அல்ல, தூள் புளித்ததால். புதுப் படிவத்தையும் நானே வடிவமைத்தேன். அதில் ஈரக் கழிவுக்கு ஒரு காலிக் கட்டம். இம்முறை கோட்டை அளவுகோலால் நான்கு முறை அளந்தேன். சூத்திரத்தை மாற்றினேன், சொன்னபடி இரண்டு நிமிடம்தான் ஆனது. அச்சகக்காரர் மாதிரியை வாங்கிப் பார்த்தார். "ரெண்டாயிரம்தானுங்களே?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

ஜூன் மாதம், மழை பிடித்த முதல் வாரம், புதுப் படிவம் ஏற்றிய நாள். நிறுவைக்காரர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருக்காது. அக்கா வரிசையில் பத்தாவதாக நின்றார். அவர் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலியாக இருந்த அந்தக் கட்டத்தை அவரிடம் காட்ட வேண்டும். கேட்டதைச் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

சாக்கு ஏறியது. நிறுவைக்காரர் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்து முழங்கை வரை ஓடியது. அவர் உள்ளங்கையை விரிக்கவில்லை. குரலும் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். "சைபர் போட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகத்தான் கேட்டேன்.

அவர் முகம் மாறியது. அந்த வருடம் முழுவதும் அவர் என்னிடம் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. அப்போது பார்த்தேன்.

"நனைஞ்ச இலைக்கு எதுக்குங்க சைபரு?" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "எட்டுக்கு மேலயே இருக்குமுங்க. பத்துன்னு போடுங்க."

நிறுவைக்காரர் அப்போதுதான் கையை விரித்து, "பத்து," என்று குரல் கொடுத்தார்.

நான் பத்து என்று தட்டினேன். எண் சரியாகக் கட்டத்துக்கு நடுவில் விழுந்தது. அக்கா ரசீதை வாங்கி, முழுவதையும் ஒரு முறை படித்துவிட்டு, இலையைக் கொட்டிவிட்டுத் திருப்பித் தரும் வெறும் சாக்குக்காக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.